நிரையில் பேசத் தடை

இலங்கைப் பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்த அதே மாதம் எனக்குக் கங்காணி வேலை கிடைத்தது. நாடு வேண்டாமென்று சொன்ன ஆளை, அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்த எங்கள் தேயிலைத் தோட்டம் முப்பது பெண்களுக்குத் தலைவனாக்கியது. ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துநான்கு வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி டவுனில் இரண்டு வருஷம் படித்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் என்னிடம் இல்லை. அதுவே போதும் என்று நம்பினேன்.

மாமனாரிடம் பழைய கோட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். கை விரல் நுனி வரை தொங்கியது. ஒரு கம்பும் வெட்டி வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போவதற்கு முந்தின நாள் கண்ணாடி முன் நின்று முகத்தைக் கடுமையாக வைத்துப் பழகிக்கொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வயித்து வலியா?" என்று கேட்டாள்.

மறுநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்குப் போனதும், பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கத் தொடங்கினார்கள். கை ஓடிய வேகத்தில் வாயும் ஓடியது. அந்தக் கோடியில் ஒருத்தி ஏதோ சொல்ல, இந்தக் கோடியில் சிரிப்பு கேட்டது. என்னைப் பற்றித்தான் என்று முடிவு செய்துகொண்டேன். வேலை குறைந்தது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் பாறை ஒன்றின் மேல் ஏறி நின்று அறிவித்தேன்.

"இன்னையிலேருந்து நெரையில யாரும் பேசக் கூடாது. பேசினா அரைப்பேருதான்."

அரைநாள் கூலி போய்விடும் என்றால் யார் பேசுவார்கள்? மலை முழுக்க அமைதியானது. கொழுந்து ஒடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. என் பெருமைக்கு அளவில்லை. இரண்டு நாள் இப்படியே போனது.

மூன்றாம் நாள், என்னோடு மூன்றாம் வகுப்பு வரை படித்த பெண் ஒருத்தி, நிரையின் நடுவில் சட்டென்று நின்று கையைத் தூக்கினாள். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தால் தூக்குவாளே, அதே மாதிரி. கேலி செய்கிறாள் என்று தோன்றியது.

"வேலையப் பாருங்க" என்றேன்.

கையை இறக்கவில்லை. மறு கையால் முன்னாலிருந்த செடியைக் காட்டினாள். பக்கத்து நிரைப் பெண்கள் மெல்லப் பின்வாங்கினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விடுவிடுவென்று நடந்துபோய், "இந்தச் செடிக்கு என்ன?" என்று கம்பை அதற்குள் விட்டு ஒரு ஆட்டு ஆட்டினேன்.

உள்ளே இருந்தது குளவிக்கூடு.

கங்காணி என்பவன் எதிலும் முன்னால் நிற்க வேண்டும் என்பார்கள். அன்றைக்கு ஓட்டத்தில் நான்தான் முன்னால். கோட்டுக் கையை வீசிக்கொண்டு, அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டு, சரிவில் இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஓடாதீங்க கங்காணியாரே, குப்புறப் படுங்க."

படுக்கவில்லை, விழுந்தேன். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் முகம் புதைந்தது. யாரோ ஈரக் கம்பளி ஒன்றை என் மேல் போட்டு இழுத்து மூடினார்கள். அவள்தான். தன் தலையில் போட்டிருந்த கம்பளியை எனக்குக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை மூடிக்கொண்டு பக்கத்திலேயே குப்புறக் கிடந்திருக்கிறாள். அவளுக்குக் கையில் இரண்டு கொட்டு. கூட்டத்தில் எல்லோருக்கும் மூத்த பெண்ணுக்குக் கழுத்திலும் தலையிலும் கொட்டி, தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

வெளிவேலைகளை மேற்பார்வை செய்யும் அதிகாரியான கண்டாக்கு வந்து சேர்ந்தபோது என் ஒரு கண் மூடிவிட்டது, உதடு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது.

"கூடு இருந்தது யாருக்கும் தெரியலயா?" என்று கேட்டார்.

"தெரியும்ங்க. சொல்றதுக்கு உத்தரவு இல்ல" என்றாள் அவள்.

கண்டாக்கு என்னைப் பார்த்தார். குளவிகள் திரும்பி வந்தால் தேவலை என்றிருந்தது.

"நான்தாங்க பேசக் கூடாதுன்னு சொன்னேன்."

"கம்ப உள்ள விட்டது?"

"அதுவும் நான்தாங்க."

அவர் திட்டவில்லை. கம்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வழியெல்லாம் வாக்கியம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த மூத்த பெண்ணின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் ஒரு வாக்கியமும் வரவில்லை. வந்த இரண்டு சொல்லும் உதட்டில் சிக்கிக் குழறின. அவர் எனக்காகப் பரிதாபப்பட்டு, "மஞ்சள் அரைச்சுப் போட்டியா தம்பி?" என்று கேட்டார். அதைத் தாங்குவதுதான் குளவி கொட்டியதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் வீடு திரும்ப மூன்று நாள் ஆனது.

கொட்டு வாங்கிய மறுநாள் காலையில் கோட்டு இல்லாமல் பெரட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்துப் பெண்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. மலைக்குப் போனதும், பாறையில் ஏறாமல் கீழே நின்றே சொன்னேன்.

"நான் சொன்னது தப்பு. பேசுங்க."

கூடப் படித்தவள்தான் கேட்டாள்.

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

பேசினார்கள். யாருக்குக் காய்ச்சல், எந்தப் பாதை வழுக்குகிறது, யார் நிரை ஏன் பிந்துகிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சிலேயே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தாலே கங்காணி வேலையில் பாதி முடிந்துவிடும் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. அன்றைக்கு மட்டும் பேச்சில் முக்கால்வாசி என் மூஞ்சியைப் பற்றியது. காது இரண்டும் வீங்காமல் தப்பியிருந்ததால் ஒன்றுவிடாமல் கேட்டது.