சுதர்சனின் முழங்கைக்கு ஒன்றும் நடக்கவில்லை

மாலினி அழைத்தபோது நான் மல்வேர்னில் என் ஓட்டத்துப் பேருந்தை நிறுத்திவிட்டு மதிய இடைவேளையில் இருந்தேன். "குமரன் அண்ணை, இவர் போயிட்டார். காலமை பத்து மணிக்கு," என்றாள். குரல் நடுங்கவில்லை. அவள் கணவன் சுதர்சனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வசனத்தை அவள் மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நான் மீதி வேலையை முடித்துவிட்டுத்தான் ஸ்ரௌவ்வில் நகரிலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுதர்சனாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பான்.

உங்களில் பலர் அவனைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் பெரிய லீக்கில் பேஸ்போல் ஆடினான். ஆட்டத்தின் முடிவில், முன்னால் எறிந்தவர்கள் களைத்த பிறகு இறங்கி, மிக வேகமாகப் பந்தெறிந்து, மூன்று பேரை வெளியேற்றிவிட்டுப் போவது அவன் தொழில். அவன் அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "பத்து நிமிஷ வேலைக்கு மூண்டு மணித்தியாலம் குந்தியிருக்கிறான்," என்பார். "அம்மா, குந்தியிருக்கிறதுதான் வேலை. எறியிறது லேசு," என்பான் அவன்.

நாங்கள் இருவரும் ரொறன்ரோவுக்கு வந்த அகதிக் குடும்பங்களின் பிள்ளைகள். ஒரே பள்ளிக்கூடம். அவன் எறியும் பந்தை எதிரே குந்தியிருந்து பிடிக்க ஒருவரும் முன்வராததால், கிரிக்கெட்டில் விக்கெட் காத்த என்னைப் பயிற்சியாளர் அங்கே குந்த வைத்தார். முதல் நாளே ஒரு பந்து என் தோளில் பட்டது. சுதர்சன் ஓடி வந்து, "நொந்ததோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "அப்ப கையை ஆட்டாதை. நீ காட்டுற இடத்துக்குத்தான் நான் எறியிறன்." அது உண்மை. அதன் பிறகு நான் கையை அசைக்கவில்லை, அவனும் தவறவில்லை.

பத்தொன்பது வயதில் ஒரு அமெரிக்கக் கழகம் அவனை எடுத்தது. ஒன்பது வருடம் சின்ன ஊர்களில், நெடும் பேருந்துப் பயணங்களில் கழிந்தது. பிறகு பெரிய லீக். ஒரு கோடையில் எதிரணிக்காரனாக ரொறன்ரோவுக்கு வந்தான். சொந்த நகரத்து அணியை விட்டுவிட்டு அவனுக்காகக் கத்திய நம் ஆட்களைப் பக்கத்து இருக்கைக்காரர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். மூன்று பேரையும் வீழ்த்திவிட்டு, தலையைக் குனிந்தபடி உள்ளே போனான்.

அடுத்த மாதம் அது நடந்தது. லீக்குக்குப் புதிதாக வந்த ரமோன் என்பவன் மட்டையோடு நின்றான். சுதர்சன் அவன் உடம்பை ஒட்டி எறிந்த பந்து கைவழுக்கி அவன் முகத்தில் பட்டது. ஒரு கண்ணில் பார்வை போயிற்று. மறுநாள் காலை சுதர்சன் மருத்துவமனைக்குப் போனான். ரமோனின் தாய் அவனைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு மணி நேரம் தாழ்வாரத்தில் இருந்துவிட்டு, ரமோனைப் பார்க்காமலே திரும்பினான்.

அடுத்த வருடம் அவன் ஆட்டத்தை விட்டான். முழங்கையில் காயம் என்று பத்திரிகைகள் எழுதின. நீங்களும் அப்படித்தான் அறிந்திருப்பீர்கள். அவன் மறுக்கவில்லை. உண்மையை எழுதச் சொன்னவள் மாலினிதான்.

விபத்துக்கு அடுத்து வந்த குளிர்காலத்தில், மார்க்கம் நகரின் ஒரு உள்ளரங்கில் அவனுக்குப் பந்து பிடித்தேன். மட்டை பிடிப்பவன் நிற்கும் இடத்துக்குத் தள்ளி, வெளிப்பக்கம் கையுறையைக் காட்டினால் பந்து பழைய வேகத்தில் வந்து விழுந்தது. மட்டைக்காரனின் உடம்புப் பக்கம் காட்டியபோது சுதர்சன் எறியாமல் நின்றான். "என்ன?" என்றேன். "ஏலாது மச்சான். அங்க கை போகுதில்லை." எல்லாப் பந்தும் வெளியேதான் வரும் என்று தெரிந்தால் எந்த வேகத்தையும் அடித்துவிடுவார்கள். அடுத்த கோடையில் அடித்தார்கள். முழங்கை என்று சொல்லிக்கொண்டு வந்துவிட்டான். பிறகு லிஃப்ற் திருத்தும் தொழில் படித்து, அதிலேயே இருந்தான். "அவன் ஒரு கண்ணைக் குடுத்தவன். நான் ஆட்டத்தைக் குடுத்தன். சரியாப் போச்சு," என்று ஒருமுறை சொன்னான். அப்படியில்லை என்று நான் சொல்லியிருக்கலாம்.

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, போன கோடையில், ரமோன் அவனைத் தொலைபேசியில் தேடிப் பிடித்தான். வேண்டுமென்று எறிந்தாயா என்று கேட்பான் என்றுதான் சுதர்சன் நினைத்தான். ரமோன் கேட்டது வேறு. முழங்கைக் கதையை அவன் ஒருநாளும் நம்பவில்லையாம். "என்ரை கண் போனது. உன்ரை கைக்கு என்ன நடந்தது? இருந்ததை ஏன் தூக்கி எறிஞ்சனீ? எனக்காக எண்டு சொல்லாதை. நான் கேட்கேல்லை," என்று கத்தினானாம். அவனுடைய முழுக் கோபமும் அதில்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுதர்சன் என்னை மல்வேர்ன் மைதானத்துக்குக் கூப்பிட்டான். இருவருக்கும் தொந்தி வைத்துவிட்டது. நான் முழங்கால் நோவோடு குந்தி, அவன் கை போகாத அந்த உடம்புப் பக்கம் கையுறையைக் காட்டினேன். முதல் நாலு பந்தும் வெளியே போயின. ஐந்தாவது வந்து கையுறைக்குள் விழுந்தது. பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு எறிந்தான். "காணும், இனிப் போவம்," என்றான். மூன்று மாதத்தில் வயிற்றுவலி தொடங்கியது.

செத்தவீட்டில் எல்லோரும் அவனுடைய வேகத்தைப் பற்றியே பேசினார்கள். அது ஞாயம்தான், அந்த வேகத்தை நான் இரண்டு கையாலும் அறிவேன். ஆனால் நான் மனதில் வைத்துக்கொள்வது அதை அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்திலிருந்து திரும்பும்போது காரில் அவன் சொன்னதை.

"அவன் சொன்னது சரி, குமரன். நான் அவனுக்கு ஒண்டும் குடுக்கேல்லை. எனக்குப் பயம். பயத்துக்கு நல்ல பேர் வைச்சிருந்தனான்."

அழவில்லை, என்னிடம் ஆறுதலும் கேட்கவில்லை. பச்சை விளக்கு விழுந்ததும் காரை எடுத்தான்.