செல்வியின் தூக்கம்

செந்தமிழ்ச்செல்வி என்ற முழுப்பெயர் அவளுடைய ஆதார் அட்டையில்தான் இருக்கிறது. எங்கள் முத்தியால்பேட்டைச் சந்தில் அவ்வளவு நீளமாகக் கூப்பிட யாருக்கும் நேரமில்லை. செல்வி, அவ்வளவுதான். அவள் அப்பா கோவிந்தராசு மட்டும், பிரெஞ்சுக்கார வீட்டம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி ‘மதாம்’ என்பார். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து, ஸ்கூட்டர் வாங்கி, தோளில் பையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்ப ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பெயர். மதாம் கிளம்பிட்டாங்க, வழி விடுங்க என்று சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வார். அவள் திரும்பி முறைப்பாள். மனுஷனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒற்றைச் சுவர். அந்த வீட்டுக் குக்கர் விசிலை என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எண்ணலாம். இங்கே சொல்வதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி, செல்வியும் அவள் அம்மா கன்னியம்மாளும் பிறகு என்னிடம் சொல்லி அழுதது.

கோவிந்தராசு மில்லில் தறி ஓட்டியவர். மில்லை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். ஒரே பெண். மாப்பிள்ளை சிலம்பரசன் தங்கமான பையன், வாய் மட்டும் கிடையாது. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான்.

செல்விக்கு இரண்டு தடவை உண்டாகி, இரண்டு தடவையும் தங்கவில்லை. முதல் தடவை நாள் தள்ளிப்போன உடனேயே சந்து முழுக்கச் சொல்லிவிட்டார்கள். ஆளாளுக்கு மாங்காயும் சாத்துக்குடியும் கொண்டுவந்து கொடுத்தோம். அது கலைந்த பிறகு, விஷயம் தெரியாத எவளாவது வாசலில் நின்று இப்போ எத்தனை மாசம் என்று கேட்பாள். செல்வி பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டாவது தடவையும் அதே கூத்துதான். அப்போது கோவிந்தராசு சந்து முனையிலேயே நின்றுகொண்டு, வருகிற போகிற பெண்களையெல்லாம் நிறுத்தி, எம்பொண்ணுகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார். என்னையும் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாவது முறை உண்டானபோது செல்வி ஒரு காரியம் செய்தாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, வீராம்பட்டினத்து அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். மூன்று மாதம் முடிந்து உன் சன்னதியில் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறப்பேன், அதுவரைக்கும் கட்டியவனைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வேண்டுதல். மூன்று மாதம் சொல்லாமல் இருக்கிற வழக்கம் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் அது ஊருக்குத்தான். பெற்றவர்களிடம் மறைக்கச் சொல்லி எந்தச் சாமியும் கேட்டதில்லை. இவளாகவே வழக்கத்துக்கு மேல் ஒரு வழக்கம் போட்டுக்கொண்டாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அவள் பயம் அவளுக்கு. இரண்டு தடவை சூடுபட்டவளை என்னவென்று திட்டுவது?

அந்த நேரம் பார்த்துத்தான் கோவிந்தராசுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், டயாலிசிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒழுங்காக வந்தால் வருஷக்கணக்கில் ஓட்டலாம், விட்டால் ஆபத்து என்றும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கன்னியம்மாளுக்கு மூட்டுவலி, சந்து முனைவரைக்கும் நடந்தாலே பெரிய காரியம். சிலம்பரசனுக்கு ஷிப்டு. ஆகவே அப்பாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போய், மெஷின் ஓடி முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, திரும்ப அழைத்து வருவது செல்வியின் வேலை ஆகிவிட்டது. ஆபீசில் அரைநாள் லீவு. மிச்ச வேலையை மறுநாள் சேர்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

முதல் மூன்று மாதத்து அசதி என்ன என்று பட்டவர்களுக்குத் தெரியும். அது வேலை செய்து வருகிற களைப்பு இல்லை. உடம்பிலிருந்து யாரோ எலும்பையெல்லாம் உருவிக்கொண்ட மாதிரி இருக்கும். எனக்கு இரண்டு பிள்ளைக்கும் இருந்தது. ஆனால் செல்விக்கு வந்த மாதிரி நான் யாருக்கும் பார்த்ததில்லை. ஒருநாள் சாயங்காலம் அவள் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்ற சத்தம் கேட்டது, கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் தலையில் ஹெல்மெட்டோடு வண்டி மேலேயே உட்கார்ந்து தூங்குகிறாள். காய் நறுக்கத் தரையில் உட்கார்ந்தால் அப்படியே சாய்ந்துவிடுவாள். தலை வாரும்போது சீப்பு தலையிலேயே நிற்கும், ஆள் தூங்கியிருப்பாள். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல், பழைய பைல் அடுக்கிய அறையில் துப்பட்டாவை விரித்துப் படுத்துவிட்டு வருவாளாம். மூஞ்சியில் தண்ணீர் அடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, எப்படியோ நாளைத் தள்ளினாள். டாக்டரம்மா ரத்தம் கொஞ்சம் கம்மி என்று மாத்திரை எழுதி, நல்லா ஓய்வெடுங்க என்றாராம். ஓய்வு என்ன மளிகைக் கடையிலா விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்ள?

எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. நேராகவே கேட்டேன். அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா, ஆபீஸ்ல ஆடிட்டு என்று சிரித்துவிட்டாள். இல்லை என்கிறவளிடம் அதற்குமேல் தோண்டிக்கொண்டிருந்தால் மரியாதை இல்லை. விட்டுவிட்டேன்.

ஆனால் கோவிந்தராசு பார்த்துக்கொண்டே இருந்தார். மெஷின் ஓடும்போது அவருக்குப் பேச்சுத்துணைக்குத்தான் அவள். அவளோ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வருகிற ஆட்டோவில் அப்பாவின் தோளிலேயே தூங்கிப்போனாள். டயாலிசிஸ் முடிந்து வருகிறவருக்கு நிற்கவே தெம்பிருக்காது. அந்த மனுஷன், ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவள் சரிந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் சந்து முனையில் ஆட்டோ நின்றது. எழுப்பக் கூடாது என்று ஓட்டுநரிடம் ஜாடை காட்டினார். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். அதுவரைக்கும் அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்க் குடத்தோடு அதைப் பார்த்தேன். யார் நோயாளி என்று தெரியாதவர்கள் கண்டிப்பாகத் தப்பாகத்தான் சொல்லியிருப்பார்கள்.

அன்றைக்குத்தான் அவர் முடிவு பண்ணியிருக்க வேண்டும். அடுத்த செவ்வாய்க்கிழமை போனார்கள். வெள்ளிக்கிழமை செல்வி அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, கிளம்புப்பா என்றாள். அவர் லுங்கியைக்கூட மாற்றவில்லை. இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றார். டாக்டர் எப்போது சொன்னார் என்று அவள் கேட்டாள்.

“செவ்வாக்கிழம வந்து சொல்லிட்டுப் போனாரும்மா. நீதான் தூங்கிட்டு இருந்த. எழுப்ப வேணாம்னு உட்டுட்டேன்.”

அவள் தூங்கிக்கொண்டிருந்தது நிஜம். அப்பாவைப் பார்க்க டாக்டர் வந்தபோதுகூடத் தூங்கியிருக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டதாம். லீவுதான் போட்டாச்சே, போய்ப் படு மதாம் என்று பாயை அவரே உதறிப் போட்டுக் கொடுத்தார். அவள் படுத்தாள். விளக்கு வைக்கிற வரைக்கும் தூங்கினாள்.

அவள் தூங்கியபோதெல்லாம் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாட்ச்மேன் உத்தியோகம் பார்த்த மனுஷன் இல்லையா? தலையில் கூடையோடு குரல் கொடுத்தபடி வருகிற மீன்காரம்மாவைச் சந்து முனையிலேயே கையைக் காட்டி நிறுத்துவார். என் வீட்டு டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஜன்னலைத் தட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் குறைப்பேன். பிறகு ஒரு வாரம் செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. அந்த வாரம் மெஷினில் ஏதோ வேலை நடக்கிறது, அவர்களே கூப்பிடுவார்கள் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து உண்மையில் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் அவர் கையில்தானே? சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஊருக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். கால் வீங்கியது. வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டார். மூச்சு வாங்கினால், வெயில் ஜாஸ்தி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் மூச்சு விடமுடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிலம்பரசன் தூக்கி ஆட்டோவில் போட்டான். செல்வி கூடவே ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் இல்லை. அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை செல்வி வீராம்பட்டினம் போவதாக இருந்தாள். மூன்று மாதம் அன்றைக்கு முடிகிறது.

மத்தியானத்துக்குள் சந்தில் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் கிடத்திவிட்டார்கள். செல்வி ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சத்தம் போட்டு அழவில்லை. பெரியவர்கள் காரியம் பேச ஆரம்பித்தார்கள். பிள்ளை இல்லாத வீடு, மாப்பிள்ளைதான் கொள்ளி வைக்க வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சிலம்பரசன் எழுந்து வந்து நின்றான். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றவில்லை. பொண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் கொள்ளி வைப்பதோ பாடை தூக்குவதோ எங்கள் பக்கத்தில் கிடையாது. அவன் செல்வியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கூப்பிட்ட பெரியவரிடம் சொன்னான்.

“நான் வெக்கக் கூடாது மாமா. செல்வி முழுகாம இருக்குது.”

மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். சந்தில் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. பந்தல் போட்டவனுக்குத் தெரிந்தது, பூ கொண்டுவந்தவனுக்குத் தெரிந்தது. யாருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமோ அவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். மாசமாக இருக்கிறவள் பிணத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பெண்கள் சத்தம் போட்டு, அவளைப் பிடித்து இழுத்து என் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். கடைசியாக ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். எடுக்கும்போது ஜன்னலைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். பங்காளி முறையில் புருஷோத்தமன் என்று ஒருவர் சட்டையைக் கழற்றிக்கொண்டு கொள்ளிச்சட்டி எடுத்தார்.

எடுக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு மேளத்துக்கும் வெடிக்கும் நடுவில், ஜன்னலுக்குக் கீழே, சுவரில் சாய்ந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பினேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டாள். ஊர்வலம் சந்து முனை திரும்பிவிட்டது. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பொழுது சாயும்போது எழுந்தாள். எடுத்துட்டாங்களா என்றாள். ஆமாம் என்றேன். அதற்குள் கன்னியம்மாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குத் திட்டவும் தெம்பு இல்லை.

“டாக்டரு ஒண்ணும் சொல்லலடி. அவராதான் நிறுத்திட்டாரு. எனக்கே நேத்துதான் சொன்னாரு. எனக்காக அலைஞ்சி அலைஞ்சி இந்தப் பொண்ணு செத்துடுவா கன்னியம்மா, நான் போவாம இருந்தா அவளாவது தூங்குவான்னாரு. நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பேரப்புள்ளயப் பாக்கணும்னு துள்ளிக்கிட்டு ஓடியிருப்பாரேடி மிஷினுக்கு.”

செல்வி அம்மாவின் ஈரத்தலையைத் தன் துப்பட்டாவால் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

இந்த முறை தங்கிவிட்டது. பெண் குழந்தை. கோவிந்தராசு ஜாடை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. வீராம்பட்டினத்துக்கு அவள் இன்னும் போகவில்லை. அம்மன்மேல் கோபமா என்று ஒருநாள் கேட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“அப்பா சொன்னது பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும்கா. ஒரு போன் போட்டு டாக்டரக் கேட்டிருக்கலாம். கேட்டா திரும்ப அழைச்சிட்டுப் போவணுமே. எனக்குத் தூக்கம் வந்துச்சிக்கா.”