மெயினை இறக்கிவிட்டுப் பூசைக்குப் போனவர்கள்

எங்கள் எதிர்வீட்டுச் சிங்கராயர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். தேவிகாபுரம் தடத்தில் அவர் விசில் கேட்டுத்தான் வண்டி நிற்கும், கிளம்பும். வீட்டில்தான் அவர் சொல்லி ஒரு டம்ளர்கூட நகர்ந்ததில்லை. அங்கே ஆட்சி, பட்டுத்தறியில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி இன்னாசியம்மாளுடையது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகள் சோபியா வந்தாள். "வயசான காலத்துல ரெண்டு பேரும் தனியா இருக்க வேணாம். என் கூட வந்துடுங்க" என்று முடிவாகச் சொன்னாள். அடுக்குமாடியில் தறி போட இடமேது? சிங்கராயருக்குச் சோறு இறங்கவில்லை. யூடியூபில் யாரோ ஒரு தம்பி 'குறைந்த செலவில் ஸ்மார்ட் வீடு' என்று பேசினான். மகள் சென்னையிலிருந்தே பார்த்துக்கொண்டால் போக வேண்டியதில்லையே என்று அவனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இருப்பதிலேயே மலிவான சாமான்களாகப் பார்த்து வாங்கினார். பல்புக்கு ஒரு ஆப், கேமராவுக்கு ஒரு ஆப், பேசும் டப்பாவுக்கு வேறொன்று. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே கிடையாது. "லைட்ட போடு" என்று டப்பாவிடம் அவர் கத்தி முடிப்பதற்குள் இன்னாசியம்மாள் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டிவிடுவார்.

"கை நல்லா இருக்கிறப்ப எதுக்குங்க இந்த பேஜாரு?"

கேமரா மட்டும் வேலை செய்தது. "அப்பா, இன்னிக்கி இட்லியா?" என்று சென்னையிலிருந்து சோபியா கேட்ட அன்று, மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சரி, கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று மகளும் இறங்கி வந்தாள்.

முதல் ஞாயிறு வந்தது. தறிவீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே முதலாளியின் பட்டும் ஜரிகையும் இருக்கும், ஒரு பொறி விழுந்தால் யார் பதில் சொல்வது? அதனால் வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் கிளம்புவார்கள். இன்னாசியம்மாளும் இறக்கினார். போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு இருவரும் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனார்கள்.

சோபியா எனக்குப் போன் போட்டு அழுதாள். "சடையப்பன் மாமா, கேமரா செத்துப்போச்சி! போனையும் எடுக்கல!"

"பூசைக்குப் போயிருப்பாங்கம்மா."

"பூசைக்குப் போனா கேமரா ஏன் சாவணும்?"

வெளியே பூட்டு தொங்குகிறது என்றேன். யாரோ அடித்துப் போட்டுவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போயிருப்பார்கள் என்றாள். தெருவே கூடி, கடப்பாரையால் பூட்டை உடைத்தோம். பூசை முடிந்து வந்தவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து யார் செத்தது என்று கேட்டார்கள்.

மதியம் சோபியா காரில் வந்து இறங்கி, "கிளம்புங்க" என்றாள்.

இன்னாசியம்மாள் நிதானமாகச் சொன்னார்: "கேமரா நின்ன உடனே தெருவே கடப்பாரை எடுத்துகினு வந்துச்சி. உன் அடுக்குமாடியில எவன் வருவான்?"

சோபியா திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். "பாத்தியா, நம்ம சிஸ்டம் வேலை செய்யுது!" என்றார் சிங்கராயர், வெட்கமே இல்லாமல்.

அதன்பின் ஞாயிறுதோறும் கேமரா நிற்கும். அம்மா கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள் என்று சோபியா நிம்மதியாக இருப்பாள். அத்தனை சாமான்களில் அவளுக்கு உருப்படியாகக் கிடைத்த சேதி அது ஒன்றுதான்.

போன ஞாயிறு மறுபடி போன். "மாமா, பூசை ஆரம்பிச்சிருக்கும். கேமரா இன்னும் ஓடிகினே இருக்குது. கொஞ்சம் பாருங்க."

காதில் வைத்த போனோடு ஓடினேன். கேமராவுக்குத் தெரியாத மூலையில், தறிக்குப் பின்னால், இன்னாசியம்மாள் காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். பக்கத்தில் கஞ்சி டம்ளரோடு சிங்கராயர். எல்லாவற்றையும் மறைத்தவர், பூசைக்குப் போனதாகக் காட்ட மெயினை இறக்க மறந்துவிட்டார்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். "சடையப்பா, சோபியாகிட்ட மட்டும் சொல்லிடாதப்பா. இந்த வாட்டி இட்டுகினு பூடுவா."

நான் போனை இன்னும் அணைக்கவில்லை. அதில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"டாக்டர இட்டுகினு வாங்க மாமா" என்றாள் சோபியா. "நான் எதுவும் கேக்கல."