கோடு வரை ரத்தம்

குழந்தைகள் வார்டில் அவருக்குக் கொசு அக்கா என்று பெயர். கடித்தது தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவார் என்று உடன் வேலை பார்த்த நர்சுகள் சூட்டிய பட்டம். "கொசுவுக்காவது சூடா கிடைக்குது, எனக்கு ஆறின டீதான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் வார்டை விட்டுப் போய்விட்ட பிறகும் அங்கே அவரைப் பற்றிய பேச்சு அடங்கவில்லை.

ரத்தம் வராவிட்டால், "குழந்தைக்கு நரம்பே கிடைக்கலை" என்று கை கழுவிவிடுவது அங்கே வழக்கம். அக்கா அந்தச் சாக்கைச் சொன்னதே கிடையாது.

ஒருமுறை, இன்னும் கழுத்து நிற்காத பெண் குழந்தை ஒன்று வந்தது. வைரஸ் காய்ச்சல்தான். ஆனால் பால் குடிக்க மறுத்தது, பிறகு வலிப்பு கண்டது. ஸ்கேனில், மூளையின் ரத்தக் குழாய் ஒன்றில் ரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தது தெரிந்தது.

"கட்டி பெருசாகாம இருக்க மருந்து ஆரம்பிக்கணும் சிஸ்டர். அதுக்கு முன்னாடி ரத்தம் எப்படி உறையுதுன்னு தெரியணும்" என்றார் டாக்டர்.

அந்தச் சோதனைக் குழாயின் அடியில், ரத்தம் உறையாமல் இருக்கக் கொஞ்சம் மருந்துநீர் இருக்கும். ரத்தம் சரியாகக் கோடு வரை நிரம்ப வேண்டும். காய்ச்சலில் வாடிய அந்தக் கையிலிருந்து ரத்தம் கசிந்து கசிந்து வந்து, கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. தாய் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். அக்காவுக்கும் மனம் இளகிவிட்டது. போதும் என்று பஞ்சை வைத்து அழுத்திவிட்டுக் கிளம்பினார்.

லேப் ஜன்னலில் நீட்டப் போனவர், குழாயை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மறுபடியுமா? பிள்ளை கையைச் சல்லடையாக்கிட்டீங்களே!" என்று எகிறினார் தகப்பன்.

"ரத்தம் குறைஞ்சு போச்சு தம்பி. தப்பு என்னுது, உங்க பொண்ணு மேல ஒண்ணுமில்ல."

"துளி குறைஞ்சா குடியா முழுகிடும்?"

"குழாயில மருந்துநீர் அதிகமாகி, மிஷின் தப்பா காட்டும். ரத்தம் சரியா உறையலைன்னு நினைச்சு, டாக்டர் மருந்தைத் தள்ளிப் போட்டுடுவார். தலையில இருக்கிற கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்காது."

"அப்போ வேற யாரையாவது அனுப்புங்க."

"அனுப்பறேன். அவங்களும் ஊசி குத்தித்தான் எடுக்கணும். என்னைத் திட்டணும்னா நல்லா திட்டுங்க. இப்ப கால்ல எடுக்கறேன், அதை மட்டும் ஆடாம பிடிச்சுக்குங்க."

தகப்பன் முணுமுணுத்துக்கொண்டே பிடித்தார். அக்கா அந்தப் பிஞ்சுப் பாதத்தைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடேற்றினார். அவசரப்படவே இல்லை. இந்த முறை புதுக் குழாயில் ரத்தம் கோட்டைத் தொட்டது. மருந்துநீர் கலக்கும்படி குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனார்.

உறைதல் சரியாகவே இருந்தது. மருந்து ஏறியது. வலிப்பு அடங்கியது. "நடக்கிறதும் பேசறதும் எப்படி இருக்கும்னு வளர வளரத்தான் தெரியும்" என்றார் டாக்டர். அக்காவும் பொய்யாக எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

மறுநாள் வேறொரு நர்சு ஊசியோடு வந்தபோது, தகப்பன் கட்டிலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நேத்து தப்பு பண்ணினேன்னு சொன்னாங்களே, அந்த அக்காவைக் கூப்பிடுங்க. அவங்கதான் எடுக்கணும்."