கருமியின் நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு

வீட்டில் அவரைப் போல ஊதாரி கிடையாது. கால் கிலோ தக்காளி வாங்கிவரச் சொன்னால் இரண்டு கிலோவோடு வந்து நிற்பார். அறையை விட்டு வெளியே போகும்போது விசிறியை நிறுத்த மாட்டார். ஒரு வரியில் முடிகிற சங்கதியை அரை மணி நேரம் இழுப்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு நண்பர்கள் வைத்திருந்த பெயர் கருமி.

காரணம் இருந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். பொழுதுபோக்கு, கணினியில் ஓடும் அசைபடங்கள் செய்வது. ஒரு படத்தின் கோப்பு 4096 பைட்டைத் தாண்டக் கூடாது. அதுதான் அந்த நண்பர்கள் கூட்டத்தின் விதி. கைபேசியில் எடுக்கிற ஒரு புகைப்படம் அடைக்கும் இடத்தில் இப்படி ஆயிரம் கோப்புகளை அடுக்கலாம். அவ்வளவு சின்ன இடத்தில் படத்தை வைக்க முடியாது. படத்தை இப்படி இப்படி வரை என்று கணினிக்குச் சொல்லும் கட்டளைகளை மட்டுமே வைக்கலாம். ஒரு பைட்டைச் சேமிக்க ஒரு வாரம் உட்கார்ந்திருப்பார் மனிதர்.

பழக்கம் தொழிலில் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்து லிஃப்டை இயக்கும் மின்பலகைகளில் நினைவகம் கையகலம். ஒருமுறை ஓர் அலுவலகக் கட்டடத்தில் பழுது பார்த்துவிட்டு, மிச்சமிருந்த இடத்தில் ஒரு குறும்பு செய்தார். மேலே போகும் அம்புக்குறி எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறியது. மேலாளர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். ஆனால் அதை அழிக்கச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லை.

மனைவி இதையெல்லாம் சட்டை செய்ததில்லை. கொசுவளவு படத்துக்கு மலையளவு நேரமா என்பார். முப்பது வருடத்தில் ஒரு படத்தைக்கூட முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை. அவரும் பார்க்கச் சொல்லிக் கெஞ்சியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கப் போனவர் குளியலறை வாசலில் சரிந்தார். அவ்வளவுதான்.

பதினைந்து நாள் கழித்து மகள் அவருடைய கணினியைத் திறந்தாள். அவள் தண்ணீர் மீட்டர்களுக்கு நிரல் எழுதுகிறவள். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கோப்புகளோடு இருப்பது தெரிந்தது. கடைசிக் கோப்பு ஒன்று கிடந்தது. ஓட்டிப் பார்த்தாள். மழை பெய்யும் தெரு, வரிசையாக விளக்குக் கம்பங்கள். முன்னால் குடையோடு ஓர் ஆண், பின்னால் ஒரு பெண். ஒரு நிமிடம் நடக்கிறார்கள். கடைசியில் தெரு இருண்டு, 'karumi' என்று அவருடைய கையெழுத்து வருகிறது.

4117 பைட். இருபத்தொன்று கூடுதல்.

வருடாந்தரப் போட்டிக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். போட்டியை நடத்துகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அப்பாவின் பழைய கூட்டாளி. மகள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, இந்த ஒரு தடவை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

"ஒரு பைட்டு கூட இருந்தாலும் எடுத்துக்க மாட்டேம்மா. எடுத்துக்கிட்டா உங்கப்பன் எழுந்து வந்து என்னைத் திட்டுவான்."

ஆக, அவள் குறைக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவின் கடைசிப் படத்தை யாரும் பார்க்கப் போவதில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாள் உட்கார்ந்தாள். அப்பா ஒரு விளக்கக் குறிப்புகூட எழுதி வைக்கவில்லை. அதற்கு ஒரு பைட்டும் செலவாகாது என்றாலும் எழுதவில்லை. வாயில் அவ்வளவு பேசியவர். திட்டிக்கொண்டே பன்னிரண்டு பைட்டைக் குறைத்தாள். இன்னும் ஒன்பது. அதற்குமேல் எங்கே கை வைத்தாலும் மழை நின்றது, அல்லது தெரு கோணியது.

சனிக்கிழமை காலை அது கண்ணில் பட்டது. குடைக்காரர் மூன்று கம்பத்துக்கு ஒருமுறை சும்மா நின்றார். இரண்டு நொடி. பிறகு நடந்தார். படம் திக்குவது போலிருந்தது. அந்தப் பகுதிக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கல்'. கல் வரையும் கட்டளை எதுவும் அங்கே இல்லை. ஏதோ ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டி, அடியோடு நீக்கினாள். சரியாக ஒன்பது பைட். 4096. நடை இப்போது வழுக்கிக்கொண்டு போனது. பதினெட்டு நாளில் முதல்முறையாக அவளுக்குப் பசித்தது.

அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அம்மா இந்தமுறை முழுசாகப் பார்த்தார்.

"யாருடி இந்த ஆளு?"

"அப்பாதான்மா. பின்னாடி வர்றது நீ."

"உங்கப்பா இல்ல இது. நிக்கவே மாட்டேங்கிறாரே."

மகளுக்கு விளங்கவில்லை. அம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். மூட்டுவலி வந்த பிறகு அவரோடு சேர்ந்து நடக்க முடிந்ததில்லை. அவருக்கு நெட்டைக் கால். முன்னால் போய்விடுவார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கம்பத்தடியில் நிற்பார். அம்மா வந்து சேர்ந்ததும் நடப்பார்.

"எனக்காக நின்னேன்னு ஒரு நாளும் ஒத்துக்கிட்டதில்ல. கேட்டா, செருப்புல கல்லுன்னுவாரு. பத்து வருஷமா அந்த ஒரே கல்லு."

மகள் ஒன்பது பைட்டையும் திரும்ப வைத்தாள். 4105. மணி மூன்றரை.

மீதி எல்லாவற்றையும் ஏற்கெனவே சுரண்டியாகிவிட்டது. தொடாமல் விட்டது கையெழுத்து ஒன்றுதான். ஆறு எழுத்து, முடிவுக்குறி ஒன்று, திரையில் காட்டும் கட்டளைக்கு ஐந்து. பன்னிரண்டு பைட். அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் கேட்டாள். நிற்பது இருந்தால் பெயர் இருக்காது. பெயர் இருந்தால் நிற்க மாட்டார்.

"பேரு எதுக்கு? ஆளே நடந்து போறாரே," என்றார் அம்மா.

ஐந்து ஐம்பதுக்கு அனுப்பினாள். 4093 பைட். கடைக்காரர் ஒரு வரி பதில் போட்டிருந்தார்: மூன்று பைட் மிச்சமா, கருமி இருந்திருந்தால் அதில் ஒரு நாயையாவது நடக்கவிட்டிருப்பான்.

மறுநாள் போட்டி அரங்கில் நாற்பது பேர் இருப்பார்கள். விளக்கை அணைத்தார்கள். மழை பெய்தது. குடைக்காரர் மூன்றாவது கம்பத்தடியில் நின்றார். படம் அப்படியே இருந்தது.

"ஸ்ட்ரக் ஆயிடுச்சு போல," என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

அம்மா திரும்பிப் பார்த்தார்.

"இல்லப்பா. செருப்புல கல்லு."