இஞ்சி அழுகியது யாரால்?

அலவத்துகொடையில் றம்லத்தின் இஞ்சிக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. கணவர் பஹ்மி இறந்த பிறகு, அதே இஞ்சியால் அவளுக்குக் கெட்ட பெயர் வந்தது.

பஹ்மி மௌத்தாகி இருபதாம் நாள் பெருமழை கொட்டியது. இஞ்சிப் பாத்திகளில் தண்ணீர் கட்டி நின்றது. கணவனை இழந்து இத்தாவில் இருக்கும் பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். றம்லத் தலைச்சீலையை இறுக்கிக்கொண்டு மண்வெட்டியோடு இறங்கினாள். அந்தப் போகம் இஞ்சி அழுகியது. அடுத்த போகமும் அழுகியது. மஞ்சளித்த தண்டை இலேசாக இழுத்தாலே கையோடு வந்தது. அடியில் இஞ்சி கூழாகி நாறியது.

இத்தாவை முறித்தவள் நட்டால் வேறென்ன விளையும் என்று ஊர் பேசியது. முதலில் பேசியவர் பஹ்மியின் அண்ணன் நஸீப். பாதையோரமாக இருந்த அந்தக் காணியில் தன் கடைக்கு ஒரு களஞ்சியம் கட்ட அவருக்கு நெடுநாள் ஆசை. காணியை எழுதித் தந்தால் அவளுடைய சாப்பாட்டுக்குத் தான் பொறுப்பு என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடதாசியோடு வருவதாக நாளும் குறித்தார்.

கொடுமை என்னவென்றால், இத்தாவை முறித்ததால்தான் இஞ்சி அழுகியது என்று றம்லத்தே நம்பிவிட்டாள். தொழுகைப் பாய் நனைய நனைய அழுதாள். கையெழுத்துப் போடவும் துணிந்துவிட்டாள்.

கெலிஓயாவில் இருக்கும் சிந்துஜா நத்தார் பண்டிகைக்கு இஞ்சிபியர் காய்ச்ச வருடாவருடம் றம்லத்திடமே இஞ்சி வாங்குவாள். பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. எல்லாம் அழுகிவிட்டது என்று கேள்விப்பட்டதும், அழுகியதையே கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். பத்து நாள் கழித்து, நஸீப் குறித்த வெள்ளிக்கு முதல்நாள் அவளை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டாள்.

மேசையில் இரண்டு கண்ணாடித் தட்டுகள். இரண்டிலும் கடையில் வாங்கிய நல்ல இஞ்சித் துண்டுகள். சிந்துஜா ஓர் ஈர்க்கை நீட்டிக் குத்திப் பார்க்கச் சொன்னாள். முதல் துண்டில் அது பழுத்த பப்பாசியில் போவதுபோல் இறங்கியது. இரண்டாவதில் வளைந்து முறிந்தது.

“ராத்தா, ஒங்க இஞ்சியில இருந்த கிருமிய வளர்த்து, பெறகு கிருமிய மட்டும் வடிகட்டி எடுத்துட்டோம். மிச்சம் இருந்தது அது விட்ட எச்சில்தான். மொதல் தட்டுல அதைத்தான் ஊத்துனோம். அடுத்ததுல அதையே கொதிக்க வச்சு ஊத்துனோம்.”

அந்த எச்சிலில் நொதியங்கள் இருக்கின்றனவாம். இஞ்சியின் உயிர்க்கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசையை அவை கரைத்துவிடுமாம். சாந்தைக் கரைத்துவிட்டால் மதிலை யாரும் இடிக்க வேண்டியதில்லை, கல் தானாகச் சரியும். சரிந்ததைத் தின்றுகொண்டே கிருமி உள்ளே போகும். கொதித்தால் நொதியம் செத்தது போலத்தான். அதனால் இரண்டாவது துண்டு தப்பியது.

“கிருமிக்கு இத்தா தெரியுமா?” என்று றம்லத் கேட்டாள்.

சிந்துஜா சிரிக்கவில்லை. “அதுக்கு ஈரமும் காயமும்தான் தெரியும். வெதை இஞ்சிய எப்படி எடுத்தீங்க?”

றம்லத் சொன்னாள். உணவுப் பொருளை எறிவது பாவம் என்று உம்மா வீட்டில் பழகிய கை. முதல் போகத்தில் மிஞ்சியவற்றின் அழுகிய பக்கத்தை மட்டும் சீவி எறிந்துவிட்டு, நல்ல பாதியை விதைக்கு வைத்தாள். எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் புரிந்தது. ஒவ்வொரு வெட்டிலும் அந்த எச்சிலையும் கிருமியையும் அவளே பூசியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை நஸீப் இரண்டு சாட்சிகளோடு வந்தபோது காணியில் புகை எழுந்துகொண்டிருந்தது. பிடுங்கிய செடிகளையும், இம்முறையும் விதைக்கென்று சீவி வைத்திருந்த நல்ல இஞ்சியையும் றம்லத் ஒன்றாகக் குவித்து எரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லத்தயுமா எரிக்கிற? ஒனக்கு அல்லாஹ்ட பயமில்லயா?”

நஸீபைக் கண்டால் ஒதுங்கி நிற்பவள் அன்று ஒதுங்கவில்லை.

“அழுகினத்த வெட்டின கத்தியால நல்லத்தயும் வெட்டினது நான்தான், நஸீப் நானா. கத்தி ஏன்ட, பிழையும் ஏன்ட. அத எங்கயும் வந்து சொல்லுவன். ஆனா ஏன்ட இத்தாவ இதுக்குள்ள இழுக்க ஒங்களுக்கு ஏலா. காணியும் ஏன்ட. கையெழுத்து இல்ல.”

“அப்ப இந்தப் போகம் என்னத்தத் திங்கப் போற?”

“சோளம்.”

இந்த மண்ணில் மூன்று வருடத்துக்கு இஞ்சி வைக்க வேண்டாம் என்று சிந்துஜா சொல்லியிருந்தாள்.

சாட்சிக்கு வந்தவர்களில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டார். “அப்ப நஸீப் ஹாஜி, சோளம் அழுகினா என்ன சொல்லப் போறீங்க?” என்றார்.

நஸீப் கடதாசியை மடித்துப் பைக்குள் வைத்தார். அவர்கள் பாதையில் ஏறுவதற்குள் றம்லத் வடிகான் வெட்டத் தொடங்கியிருந்தாள். மழைக்காலம் தொடங்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது.