ராணி என்று அடித்த பெயர்

அந்தப் படம் எங்கள் அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞர். குடியானவர் மகனாகப் பிறந்து, சட்டம் படித்து, பாராளுமன்றம் போய், காரணம் சொல்லாமல் ஒருவனைச் சிறையில் வைக்க அரசனுக்கே உரிமையில்லை என்று வாதாடி, கடைசியில் தானும் சிறையில் கிடந்தவர். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் வழக்கறிஞராக இருந்து பிரதேச சபைத் தேர்தலில் நின்ற எங்கள் சேர், இவர் கதையைச் சொல்லாத மேடை இல்லை. அவர் அலுவலகத்தில் வேலை பார்த்து, அந்தப் பேச்சுகளையெல்லாம் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீட்டு ராணி அக்காவின் கணவர் விசாரணைக்காக விளக்கமறியல் சிறையில் இருந்தார். அக்கா பிணைக்குக் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தில் 'ராணி' என்று அடித்தேன். சிறு வயதிலிருந்து எனக்குத் தெரிந்த பெயர் அதுதான். அடையாள அட்டையில் கருப்பாயி என்றிருந்தது. நான் வாங்கிப் பார்க்கவில்லை. நீதிமன்றம் பத்திரத்தை ஏற்கவில்லை. பிணை பதினான்கு நாள் தள்ளிப்போனது.

பிழை யாருடையது என்று சேருக்குத் தெரியும். மறுநாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தபோது உட்காரும் வாங்கு நிறைய ஆட்கள். "மகாராணி வந்திருக்காங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றார். இரண்டு பேர் உண்மையாகவே எழுந்தார்கள். அறையே சிரித்தது. "இந்தப் புள்ள கேட்டப்ப ஒழுங்கான பேரச் சொல்றதுக்கு என்ன?" என்றார். நான் கேட்கவேயில்லை. தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடக் காத்து நிற்பதுபோல், அக்கா அங்கே சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்துக்குக் கீழே நின்றார். மகள் அப்போது என் வயிற்றில் ஆறு மாதம். வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அது மட்டும்தான் காரணமா என்று இன்றும் தெரியவில்லை. மற்றவர்களோடு நானும் சிரித்தேன்.

அந்தப் பதினான்கு நாளுக்குள் அக்கா கணவரின் தகப்பனார் இறந்தார். மகன் வராமலே புதைத்தார்கள்.

சேர் ஜெயித்துப் பெரிய அலுவலகத்துக்கு மாறியபோது, இவர் கதை உனக்குத்தான் மனப்பாடம் என்று படத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்.

போன வாரம் கொட்டகலை பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மகளின் கன்னத்தைத் தொட்டுப் பெயர் கேட்டார். பதிவில் உள்ளபடி சொன்னேன். வீட்டிலும் அதுவேதான் என்றேன்.

"அது நல்லது தங்கச்சி. நான் பேர மாத்திச் சொல்லப் போயிதானே, அவங்க அப்பாவுக்கு அவங்களால ஒரு புடி மண்ணு போட முடியாமப் போச்சு."

ஆமாம் அக்கா என்றேன். அவர் இறங்கும் இடம் வந்ததும் பையை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் படத்தை இழுத்துத் திருப்பி, யார் இது என்று கேட்டாள். அரசனுக்கே பயப்படாமல் பேசியவர் என்று தொடங்கி முழுக் கதையையும் சொன்னேன். ஒரு சொல் தடுமாறவில்லை. பிறகு அவரைச் சுவர்ப் பக்கமே திருப்பி வைத்தேன்.